ஏழுமலை அண்ணன் வீட்டு ஈக்வலைசர்

ஈக்வலைசர் வைத்துக் கொடுக்கிற தொழிலில் வேலை முடிந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை ஜோடி காது. பழவேற்காடு பஜாரில் எனக்குக் கடை. சுற்றியுள்ள குப்பங்களுக்கு ஆம்ப்ளிஃபயர் கட்டிக் கொடுத்து, அந்தந்த வீட்டு ஹாலுக்குத் தக்கபடி சத்தத்தைப் பதமாக்கித் தருவது என் பிழைப்பு. "எல்லாம் நல்லாத்தான் கீது, ஆனா..." என்று இழுக்கிற வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொண்ட சக தொழிலாளிகளே, ஆசையாக ஸ்பீக்கர் வாங்கிவிட்டு அதை வைக்க இடமில்லாமல் வீட்டில் திட்டு வாங்கியவர்களே, கோட்டைக்குப்பத்தில் ஒரே ஒரு வீடு என்னை அலைக்கழித்த கதையைக் கேளுங்கள்.

அதிர வேண்டும்

ஏழுமலை அண்ணன் ஃபைபர் படகு வைத்திருப்பவர். இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஒரு பேஸ் பெட்டி, ஈக்வலைசர் எல்லாம் கேட்டார். "சும்மா அதிரணும்" என்பது ஆர்டர். பேஸ் பெட்டியை மூலையில் தள்ளி, ஈக்வலைசரில் கனத்த சத்தத்துக்கான இடதுபக்கக் குமிழ்களை மேலே ஏற்றினேன். பாட்டு ஆரம்பித்ததும் அடுப்படியில் எவர்சில்வர் தட்டெல்லாம் தாளம் போட்டன. அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நானும் இன்றைக்கு நல்ல நாள் என்று பையைத் தூக்கினேன்.

வாசலில் அவர் மனைவி தேசம்மா அக்கா மடக்கினார். ஒரே மகள் கௌரி, அப்பா வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், கோயமுத்தூரில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருக்கிறாள். அவள் போன் பண்ணினால் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் போனை அக்காவிடம் நீட்டிவிடுகிறாராம். அப்பாவுக்குக் கோபம் தீரவில்லை என்று மகள் பொங்கலுக்குக்கூட வரவில்லை. சங்கதி என்னவென்றால், வருஷக்கணக்கில் படகு எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்ததில் அவருக்குக் காது மந்தம். வாயைத் திறந்து சொல்ல மாட்டார். அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பாட்டு கெடக்கட்டும் தம்பி, என் பொண்ணு பேசறது அந்த மனுசன் காதுல வுழணும், அதுக்கு இன்னா பண்ணுவியோ பண்ணு."

கௌரியின் குரல்

மறுநாள் "செக்கிங்" என்று பொய் சொல்லிக்கொண்டு போனேன். அக்காவின் போனிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர் இழுத்து, கௌரி அனுப்பியிருந்த ஒரு வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டேன். நேற்று நான் ஏற்றி வைத்த பேஸ் அப்படியே இருந்ததை மறந்து தொலைத்தேன். ஹால் முழுக்க 'கும் கும்' என்று ஒரு சத்தம் வந்தது. அண்ணன் கண்ணைச் சுருக்கிக் கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்: "இன்னாப்பா இது, எம்பொண்ணு கொரலு பெரிய படகு எஞ்சின் மாறி கீது!"

வலை போன நாள்

பேஸைச் சுத்தமாக இறக்கி, பேச்சு தெளிவாகக் கேட்கும்படி நடுக் குமிழ்களை ஏற்றினேன். பேஸ் பெட்டியையும் மூலையிலிருந்து வெளியே இழுத்தேன். எனக்கே கணீரென்று இருந்தது. அண்ணனும் இரண்டு மூன்று வார்த்தைக்குத் தலையாட்டினார். ஆனால் மறுநாள் காலை அக்காவிடமிருந்து போன். வீடே கத்துகிறது, ஒரு வார்த்தை புரியவில்லை என்றார். குமிழை யாரோ நகர்த்திவிட்டார்கள் என்று சத்தியம் செய்துகொண்டே வண்டியை விட்டேன். குமிழெல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. மெசேஜைப் போட்டால் கல்யாண மண்டபத்தில் மைக் டெஸ்டிங் செய்தது போல எதிரொலி.

அப்புறம்தான் பின்சுவரைப் பார்த்தேன். மொட்டைச் சுவர். எங்கள் ஏரியில் அவரவர் இஷ்டத்துக்கு வலை போட முடியாது. இன்ன நாள் இன்ன ஊர் என்று முறை உண்டு, அதற்குப் பாடு என்று பேர். நேற்று பாடு இல்லாததால் வலையெல்லாம் ஜன்னல் உயரத்துக்கு அந்தச் சுவரோரம் குவிந்திருந்தது. எதிரொலியை அதுதான் விழுங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்குப் பாடு, வலை ஏரிக்குப் போய்விட்டது. டைல்ஸும் வெறும் சுவரும் சேர்ந்து கௌரியைப் பந்தாடிக்கொண்டிருந்தன. கொல்லையில் கிடந்த பழைய கிழிந்த வலைகளை மடித்துப் பின்சுவர் முழுக்கத் தொங்கவிட்டு, மேலே ஒரு திரையும் போட்டேன். சத்தம் அடங்கியது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "அலசி காய வெச்சிருந்தாலாச்சும் பரவால்ல, நடுவூட்ல கருவாடு கட்டி வுட்ட மாறி கீது தம்பி."

மொபைலில் நேர்கோடு

என் கடைக் கூட்டாளி பாஷா இதைக் கேட்டுவிட்டு, மொபைலில் ஒரு ஆப்பை இறக்கிக்கொண்டு வந்தார். அறையின் சத்தத்தை அளந்து கோடாகக் காட்டும். கோடு நேராக வந்தால் எல்லாச் சத்தமும் சமம் என்று அர்த்தம். கோடு நேராக வரும்வரை குமிழ்களை நகர்த்தினோம். தெருவில் போனவர்கள் நின்று கேட்டுப் பாராட்டினார்கள். அண்ணன் மட்டும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பாஷா மொபைலைப் பைக்குள் போட்டார்: "ரூமுக்கு காது நல்லா கேக்குது பாய், அவருக்குத்தான் கேக்கல."

அவர் காதுக்கு

அதோடு அறையை விட்டுவிட்டு அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். அவரை வழக்கமான நாற்காலியில் உட்கார வைத்து, ஸ்பீக்கரை அவர் பக்கம் திருப்பி, அவர் காதுக்கு எட்டாத கீச்சுச் சத்தங்களுக்கான வலதுபக்கக் குமிழ்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். எங்களுக்குக் காது கூசியது. பாஷா வெளியே ஓடிவிட்டார். அண்ணன் மட்டும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துக் கௌரியே கூப்பிட்டாள். அக்கா ஒயரைப் பிடுங்கவில்லை. போனை அண்ணன் முகத்துக்கு நேரே பிடித்தார். "நைனா, என் மேல இன்னும் கோவமா நைனா?" என்று அந்தப் பெண் கேட்டது தெருக்கோடி வரை கேட்டது. இரண்டு வீடு தள்ளி மீன் கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள்.

ஊரே பார்க்கிறது என்பதெல்லாம் அண்ணனுக்கு நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. போனைப் பார்த்து, கடலில் அடுத்த படகைக் கூப்பிடுகிற குரலில் கத்தினார்: "கோவமெல்லாம் எப்பவோ பூடுச்சிம்மா, எனக்குக் காதுதான் கேக்கல!"

அந்த ஒரு வரியைச் சொல்ல ஒரு மனிதருக்கு இரண்டு ஸ்பீக்கரும் ஒரு பேஸ் பெட்டியும் ஒரு சுவர் நிறைய வலையும் தேவைப்படுகிற ஊரில், ஈக்வலைசர்காரன் ஒருநாளும் பட்டினி கிடக்க மாட்டான்.