ரோஸ்லின் தேய்த்து வைத்த பேப்பர்

ரோஸ்லின் போய்விட்டாள். இன்று விடியற்காலை, ஹார்ட் அட்டாக்... விஜயநகரில் அவள் வீட்டிலிருந்து இப்போதுதான் திரும்பி வந்தேன்.

மைசூரில் என்னோடு நர்ஸாக இருந்தவர்களுக்கு அவளைத் தெரியும். குழந்தைகள் வார்டு, ஹனூர்க்காரி. ஊசிக்கு அழும் மூன்று வயதுப் பிள்ளையைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவாள்.

எங்கள் வார்டுச் சுவரில் இருந்த யானையை 'நான் வரைந்தது' என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி வேலை அவளுடையது.

படத்தைச் சுவரில் இறக்குவதற்கான பேப்பரை அவளே செய்வாள். பட்டர் பேப்பர் முழுக்க 6பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, ஊசி போடும் இடத்தைத் துடைப்பது போலவே மெதுவாகத் துடைப்பாள்.

கரி சீராகப் படிந்துவிடும். அந்தப் பக்கம் சுவரைப் பார்க்க ஒட்டி, மேலே படத்தை வைத்து நான் பேனாவை ஓட்டினால் போதும், சுவரில் யானை வந்துவிடும்.

"கோடு உங்க டிபார்ட்மென்ட்டு, கரி நம்ம டிபார்ட்மென்ட்டுங்க்கா" என்பாள்.

ஒரு நாள், சோப்புக்கும் போகாத அந்தக் கரிக் கையோடு ஊசி போடப் போய்... "ஏன் சிஸ்டர் இது, கை இஷ்டு கப்பு" என்று கன்னடத்தில் கேட்டு, கையின் கருப்பைப் பார்த்து மிரண்ட ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியே விட்டாள். வார்டே சிரித்தது.

போன மாதம் போன் செய்தாள். மகள் ஷைனிக்கு ஏழாம் மாதம், தொட்டிலுக்கு மேல் நம் வார்டு யானை வேண்டுமாம். "ஒருக்கா வந்துட்டுப் போங்க்கா."

எனக்குச் சோம்பல். வேறு காரணமே இல்லை. "கண்ணு சரியா தெரியல ரோஸ்லின், கேட்டராக்ட்டு, ஆபரேஷன் ஆகட்டும்" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

"அச்சச்சோ, மொதல்ல கண்ணப் பாருங்க்கா" என்றாள்.

அதே வாரம் எங்கள் லேஅவுட் கணபதி பந்தலுக்கு மயில் வரைந்து இங்கேதான் போட்டோ போட்டேன். நீங்கள் எல்லோரும் லைக் போட்டீர்கள்... அவள் ஃபேஸ்புக்கில் இல்லை என்ற தைரியம்.

இன்று ஷைனி தொட்டில் போடப்போகும் அறைக்குக் கூட்டிப்போனாள். மேஜை மேல் யானைப் படம். ஜெராக்ஸில் பெரிதாக்கி, கோடுகளையெல்லாம் ஸ்கெட்ச் பேனாவால் தடியாக இழுத்து... ரோஸ்லின்தான், கோடே போட வராதவள்.

பக்கத்தில் அவள் தேய்த்த பேப்பர். அவ்வளவு கருப்பாக நான் பார்த்ததே இல்லை.

"உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு அம்மா ரெண்டு தடவ தேச்சாங்க ஆன்ட்டி. லேசா அழுத்துனாலே அக்காவுக்குத் தெரியோணும்னு சொன்னாங்க."

"இப்ப கண்ணு எப்படி இருக்கு ஆன்ட்டி" என்று வேறு கேட்டாள். பரவாயில்லை என்றேன். அந்த வீட்டில் நின்றுகொண்டு, இன்னொரு பொய்.

நாளை அடக்கம். ஷைனியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை ரோஸ்லின். நன்றாகத்தான் தெரிகிறது.

போய் வா...