மிளகு நடித்த நான்கு காட்சிகள்

மிளகைக் கொலை செய்துவிட்டார்கள் என்று நம்பினேன். அரை நாள்... முழு மனதோடு!

மிளகு எங்கள் பூனை. சரியாகச் சொன்னால், மகள் கயலின் பூனை. அவள் சிதம்பரத்துக்குப் படிக்கப் போனபோது, "அப்பா, இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்கிட்ட பேசவே மாட்டேன்" என்று ஒப்படைத்தாள். கழுத்துப் பட்டையில் என் போன் நம்பரை எழுதலாமே என்றேன். "நீ போனையே தினம் தேடுற ஆளு" என்று தன் நம்பரை எழுதினாள்.

போன ஞாயிறு குடும்பத்தோடு சிதம்பரத்தில் ஒரு கொலைப் படம் பார்த்தோம். செம்மண்டலத்தில், எங்கள் வீட்டிலேயே நான்கு நாள் எடுத்த படம். மிளகு அதில் நான்கு முறை வருகிறது.

முதல் முறை வந்தது யாரும் கூப்பிடாமல். ஹாலில் பிணம் கிடக்கிறது. மிளகு நிதானமாக நடந்து வந்து, பிணத்தின் கால் கட்டைவிரலை நக்கியது. பிணம் சிரித்துவிட்டது! டைரக்டருக்கு ஒரே குஷி. பிணத்தை அதட்டிவிட்டு, பூனையைப் படத்தில் சேர்த்துக்கொண்டார்.

இரண்டாவது, விசாரணைக் காட்சி. இன்ஸ்பெக்டர் கர்ஜிக்கிறார். ஃப்ரிட்ஜ் மேலிருந்து மிளகு கொட்டாவி விடுகிறது. மூன்றாவதில், கொலைகாரன் மடியில் ஏறி உட்காருகிறது. "எங்க வீட்டுப் பூனைங்க" என்று முன் சீட்டுக்காரரிடம் சொன்னேன். "சார், படம் பாக்க வுடுங்க" என்றார். கலைக்குடும்பத்துக்கு இவ்வளவுதான் மரியாதை.

நான்காவது காட்சிக்கு முன்னால், படப்பிடிப்பின் கடைசி நாளைச் சொல்லிவிடுகிறேன்.

நானும் மனைவி சுமதியும் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டோம். மதியம் நான் திரும்பியபோது படக்காரர்களின் வேன் இல்லை. சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. கேட்டைத் திறந்தால்... வாசலில் சிவப்புத் தேக்கம். அதிலிருந்து சின்னச் சின்னச் சிவப்புக் காலடிகள். கேட் வரை வந்து, சட்டென்று நின்றுவிட்டன.

மிளகு? குரல் கொடுத்தேன். தட்டைத் தட்டினேன். இல்லை.

வீட்டைப் படப்பிடிப்புக்குப் பேசிவிட்ட மச்சான் பாலுவுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், பூனையப் போட்டுத் தள்ளிட்டாங்கடா!"

"யாரு மாமா?"

"யாரு... அந்தக் கொலைகாரன்தான்! மடியில முடி கொட்டிச்சின்னு மொறச்சான்ல?"

"மாமா, அவுரு முட்டைகூடத் தொடமாட்டாரு. தண்ணி குடிச்சிட்டுக் கொஞ்சம் படு."

படுப்பதா? தடயம் அழிந்துவிடாதா? சுமதியின் கோலமாவு டப்பாவை எடுத்து ஒவ்வொரு காலடியைச் சுற்றியும் வட்டம் போட்டேன். மொத்தம் பதினேழு வட்டம். நான்கு நாள் துப்பறியும் படத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் ஆயிற்றே!

சாயங்காலம் சுமதி வந்தாள்.

"இன்னாங்க இது, புள்ளி வெச்ச கோலமா?"

"ரத்தம்" என்றேன்.

அவள் குனிந்தாள். விரலால் தொட்டு முகர்ந்தாள். அப்புறம் சுவரோரம் கையை நீட்டினாள். அங்கே பூசணிக்காய்த் துண்டுகள்.

"குங்குமம்ங்க. வேலை முடிஞ்சிதுன்னு திருஷ்டி சுத்தி ஒடச்சிட்டுப் போயிருக்காங்க. அதுல பூனை நடந்திருக்குது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நீங்களே ஒடக்கிறீங்க... தெரியல?"

தெரியவில்லை. கொலைப் படம் எடுத்த வீட்டில் சிவப்பைப் பார்த்தால் பூசணிக்காயா ஞாபகம் வரும்?

"சரி, பூனை எங்க?" என்றாள். அந்த நேரம் பார்த்துப் போன். கயல்.

"அப்பா, மிளகு என்னா பண்ணுது?"

"உண்மையச் சொல்லிடுங்க" என்று சுமதி கிசுகிசுத்தாள். மகள் பேசாமல் போய்விட்டால்? என் வாய் தானாக ஓடியது.

"மிளகா? நல்லா சாப்ட்டுட்டு... ஃப்ரிட்ஜ் மேல தூங்குதும்மா."

"அப்ப என் மடியில தூங்குறது யாருப்பா?"

படத்தின் நான்காவது காட்சியில், சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில், ஒரு படகு முனையில் மிளகு உட்கார்ந்திருக்கிறது. செம்மண்டலத்து வீட்டுப் பூனை அங்கே எப்படி வந்தது என்று தியேட்டரில் ஒருவரும் கேட்கவில்லை.

படக்காரர்களின் துணிக்கூடைக்குள் தூங்கிப்போய், அவர்கள் வேனிலேயே போயிருக்கிறது. ஒரு காட்சி எடுத்துக்கொண்டு, கழுத்திலிருந்த நம்பருக்குப் போன் செய்திருக்கிறார்கள். கயல் பஸ் பிடித்துப் போய்த் தூக்கி வந்துவிட்டாள் — நான் பதினோராவது வட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது.