குற்றாலத்துக்கு ஏ.சி. தேடிப் போன கம்ப்யூட்டர்

போன சனிக்கிழமை, குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் பக்கத்துச் சந்து. எங்களைப் பார்த்ததும் ஒரு பெரியவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"யாரு தவறிட்டா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

யாரும் தவறவில்லை. நாங்கள் நான்கு பேர் ஜமுக்காளத்தில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனது ஒரு கம்ப்யூட்டர். சந்துக்குள் கார் நுழையாது, சாமான் கிரைண்டர் கனம் கனக்கும், வேறு என்ன செய்ய? முன்னால் சிதம்பரம் அண்ணாச்சி கண் கலங்கி நடந்துகொண்டிருந்தார். பெரியவர் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை.

தென்காசியில் எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பழைய கம்ப்யூட்டர் சேர்ப்போர் சங்கம். சிரிக்காதீர்கள்! நாடு முழுக்கக் 'கம்ப்யூட்டர் வரப்போகிறது, வேலை போகப்போகிறது' என்று கொடி பிடிக்கிறார்கள். எங்களைப் பொறுத்தவரை அது வந்து, ஓய்ந்து, ஏலத்துக்கும் போய்விட்டது. மெட்ராஸிலும் திருவனந்தபுரத்திலும் பெரிய ஆபீஸ்கள் புது மெஷின் வாங்கும்போது பழசைக் கழித்துக்கட்டுவார்கள். அதைக் கும்பிட்டு வாங்கி வருவது நாங்கள்தான்.

சங்கத்துக்கு ஒரே சட்டம். யார் வாங்கினாலும் அது எல்லோருக்கும் பொது. ஒரு மாதம் ஒருவர் வீட்டில், அடுத்த மாதம் அடுத்தவர் வீட்டில். ஆனால் ஓடுகிற மெஷின்தான் சுற்றுக்கு வரும். ஓடாதது? வாங்கியவர் தலையெழுத்து.

அந்தச் சட்டத்தால் அதிகம் அடிபட்டவர் அண்ணாச்சி. வடகரைப் பக்கம் அரிசி மில் வைத்திருக்கிறார். மில்லில் எந்த மெஷின் நின்றாலும் ஒரு தட்டு தட்டி ஓட வைத்துவிடுவார். கம்ப்யூட்டர் மட்டும் அவருக்கு மசியவில்லை. ஏலத்தில் எடுத்த ஏழும் அவர் வீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தன. எட்டாவதைக் கொண்டு வந்து இறக்கிய அன்றைக்குத்தான் அவர் மனைவி கோமதி மதினி வாய் திறந்தார்.

"நெல்லு போடுத ரூம்புல இதுகளப் போட்டுட்டு, நெல்ல எங்கன போட? என் தலையிலயா? இந்த ஒண்ணு ஓடுதான்னு பாப்பேன். ஓடலைன்னா திங்கக்கெழம காயலான் கடைக்காரரு வருதாரு. எட்டையும் அள்ளிட்டுப் போயிருவாரு. சொல்லிட்டேன்."

மதினி சொன்னால் சொன்னதுதான். அண்ணாச்சி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

எட்டாவது மெஷினில் ஒரு நம்பிக்கை இருந்தது. டி.வி. மாதிரித் திரையும் கீ போர்டும் ஒரே உடம்பில் சேர்ந்தது. போட்டதும் ஐந்து நிமிஷம் ஓடும். பிறகு சூடேறி அணைந்துவிடும். மெட்ராஸ் ஆபீஸ்களில் கம்ப்யூட்டரைக் கண்ணாடி அறைக்குள் ஏ.சி. போட்டு வைத்திருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். செருப்பைக்கூட வெளியே விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்! ஆக, மெஷினில் கோளாறு இல்லை, நம் ஊர் வெக்கையில்தான் கோளாறு என்று அண்ணாச்சி கண்டுபிடித்தார்.

"ஏ.சி.க்கு எங்க வே போக?" என்றேன். பேச்சுவாக்கில் வயதை மறந்துவிடுவது என் வழக்கம்.

"என்னவே இப்படிக் கேக்கீரு? மூணு மைல்ல கடவுளே ஒரு ஏ.சி. போட்டு வச்சிருக்காரு. அதுக்குக் கரண்டும் வேண்டாம்!"

சீசன் நேரம். சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. லாட்ஜ் மேனேஜர் ஜமுக்காளத்தை விலக்கிப் பார்த்தார். "இது குளிக்க வந்ததா, கூட வந்ததா?" என்று கேட்டார். ரொம்ப நியாயமான கேள்வி. வாசலில் உட்கார்ந்திருந்த எண்ணெய் தேய்க்கிறவர் ஒருவர், "நல்லாத் தேச்சு உருவி விட்டா எந்திரிச்சிரும்யா" என்று தைரியம் சொன்னார்.

மாடியில் அறை கிடைத்தது. மெஷினை ஜன்னலோரம் வைத்தோம். ஏ.சி. நன்றாகப் படவேண்டும் என்று இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டார் அண்ணாச்சி. அருவிச் சத்தத்தோடு சாரல் உள்ளே வந்தது. எங்களுக்குக் குளிர் எடுத்தது. அண்ணாச்சி மப்ளரைச் சுற்றிக்கொண்டு, மெஷினைத் தொட்டுப் பார்த்து, "நல்லா சில்லுன்னு இருக்கு வே" என்று பூரித்துப்போனார்.

சில்லென்றுதான் இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் கீ போர்டு இடுக்குகளில் தண்ணீர்! ஸ்விட்சைப் போட்டோம். அப்பளம் பொரிகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு நாகர்கோவிலிலிருந்து எங்கள் சங்கத்துத் தங்கராஜ் புரொபசர் வருகிறார். அடுத்த மாத முறை அவருடையது. ஓடினால் அவர் எடுத்துக்கொண்டு போவார், சங்கச் சுற்றில் மெஷின் பிழைக்கும். ஓடாவிட்டால் திங்கட்கிழமை எட்டும் காயலான் கடைக்கு. அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மதினி வந்து நின்றார். மெஷின் ஓடுகிறதா என்று பார்க்கக் காலை பஸ்ஸில் வந்து, பெண்கள் பக்கம் அருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையும் புளியோதரைத் தூக்குமாக. தண்ணீர் வழியும் மெஷினைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"இத எதுக்குக் குளிப்பாட்டுனிய?"

அண்ணாச்சி ஜன்னலைக் கை காட்டினார்.

"குளிப்பாட்டுனதுதான் குளிப்பாட்டுனிய... துவட்டாண்டாமா? இப்படியா ஈரத்தோட போட்டு வைப்பாவ?"

அவர் தலை காயவைக்கக் கொண்டுவந்திருந்த சாம்பிராணிப் பொட்டலம் பையில் இருந்தது. லாட்ஜ் சமையலறையிலிருந்து கங்கு வந்தது. ஒரு கூடை வந்தது. மெஷினை ஸ்டூலில் ஏற்றி, கூடையைக் கீழே கவிழ்த்து, உள்ளே சாம்பிராணிச் சட்டியை வைத்து, மேலே தன் பழைய நூல் சேலையைப் போர்த்திவிட்டார். பிள்ளை பெற்ற வீட்டில் செய்வதுபோலவே! 

கொஞ்ச நேரத்தில் மெஷினின் அத்தனை ஓட்டைகளிலிருந்தும் புகை. ஜன்னல் வழியாகவும் புகை. கீழே "தீ! தீ!" என்று கத்தினார்கள். மேனேஜர் வாளித் தண்ணீரோடு மாடி ஏறி ஓடி வந்து, குறி பார்த்து வீசினார்.

மதினி குறுக்கே பாய்ந்தார்.

வாளித் தண்ணீர் முழுக்க அவர் மேல். மெஷின்மேல் ஒரு சொட்டு இல்லை.

"இப்பத்தான் ஈரம் ஒணந்துட்டு வருது! மனுசனா நீரு?" என்று மேனேஜரைப் பிடித்த பிடியில் அவர் வாளியை வைத்துவிட்டே போய்விட்டார். அண்ணாச்சி கண்ணில் தண்ணீர். புகையால் இருக்கலாம். இல்லையென்றுதான் நினைக்கிறேன்.

மறுபடி ஸ்விட்சைப் போட்டோம். திரையில் பச்சையாக ஒரு கோடு... விட்டுவிட்டு மின்னியது.

"கண்ணு முழிச்சிட்டு!" என்றார் மதினி.

சாம்பிராணியா, வோல்டேஜ் சரியானதா? எனக்குத் தெரியாது. அரை மணி நேரம் அணையாமல் ஓடியது. மதினி ஒற்றை விரலால் தட்டத் தட்ட எழுத்து வந்தது. அவர் சிரித்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

பதினோரு மணிக்குப் புரொபசர் காரோடு வந்தார். ஓடுவதைப் பார்த்துக் கை தட்டினார். "அப்ப நான் ஏத்திக்கிடட்டுமா அண்ணாச்சி?" என்றார்.

"எங்க ஏத்த?" என்றது மதினியின் குரல். "இப்பத்தான் ஒடம்பு தேறியிருக்கு. இந்தச் சாரல்ல, அம்புட்டு தூரம், குலுங்கக் குலுங்க... நல்லா இருக்கு ஒங்க நியாயம்!"

"சங்கச் சட்டம்மா..."

"சட்டத்தக் கொண்டு போங்க. இது எங்க வீட்டுல இருக்கும்."

அண்ணாச்சி எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். நாங்கள் அண்ணாச்சியைப் பார்த்தோம். மெஷின் பிழைத்தது. சங்கச் சட்டம்தான் போய்விட்டது. வெறுப்பவர் கையிலிருந்து ஒரு சாமானைக் காப்பாற்ற எத்தனையோ வழி வைத்திருந்தோம். பிரியம் வைத்துவிட்டவரிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது? யோசிக்கவே இல்லை!

திங்கட்கிழமை சொன்னபடி காயலான் கடைக்காரர் வந்தார். எட்டில் ஒன்றைக்கூட மதினி கொடுக்கவில்லை. ஆனாலும் அவர் வெறுங்கையோடு போகவில்லை. கம்ப்யூட்டருக்குக் காற்றோட்டமான இடம் வேண்டும் என்று அண்ணாச்சியின் இரும்புக் கட்டிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் மதினி. அண்ணாச்சி இப்போது தரையில்தான் படுக்கிறார்... அதுவும் சாம்பிராணிப் புகையில், கொசுத்தொல்லை இல்லாமல்!