கடையில்லீங்க, எங்க ஊடு

கோவையில் எங்கள் வாசலில் நின்ற பழைய வேனுக்குள் பலகைக் கட்டிலும் ஒற்றை அடுப்பும் பொருத்திவிட்டு, "ஊர் திரும்பற வரைக்கும் இதுதான் அம்மணி நம்ம ஊடு" என்றார் என் கணவர். லாட்ஜ் செலவில்லாமல் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வால்பாறை வரை போவதாகத் திட்டம். எனக்கு இடுப்பு வலி. போர்வையெல்லாம் கடல் மணல். "இந்தத் தகர டப்பாவெல்லாம் ஒரு ஊடுங்களா?" என்று வழியெல்லாம் முணுமுணுத்தேன்.

வால்பாறையில் தேயிலைத் தோட்டத்து ஓரமாக நிறுத்தி, பின்கதவைத் தூக்கி டீக்குப் பால் வைத்தேன். இலை பறித்துவிட்டு வந்த மூன்று பெண்கள் நேராக வந்து நின்றார்கள்.

"அக்கா, மூணு டீ போடுங்க."

"கடையில்லீங்க, இது எங்க ஊடு."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. கணவர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர்கள் கூச்சத்தோடு நகர்ந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஊட்டுக்கு வந்துபோட்டு டீ குடிக்காம போறதுங்களா? உக்காருங்க" என்று மணலைத் தட்டிவிட்டுக் கட்டிலைக் காட்டினேன்.

இருந்த பால் அவர்களுக்கே சரியாகப் போனது. நாங்கள் இருவரும் பாலில்லாத டீ குடித்தோம்.

ஊர் திரும்பிய பிறகும் அந்த வேனை நான் டப்பா என்று சொன்னதில்லை. விருந்தாளி வந்து உட்கார்ந்து போன இடமல்லவா?