கொம்பில் விழுந்த ஒரு வளையம்

எங்கள் வீட்டுக் கிடாரிக்கு இடுப்பு குறுகல். எனக்குக் கல்யாணமாகி ராஜபாளையம் வந்த மறுவருஷம், வத்திராயிருப்பிலிருந்து என் அண்ணன் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போன மலைமாட்டுக் கன்று அது. செவலை நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு, சின்னத் திமில், மெலிந்த கால்கள். மலையேறி மேயப் பிறந்த உடம்பு. அதைப் பத்தடிக்குப் பத்தடி கொட்டகையில் கட்டினோம். எனக்கும் வீட்டுக்குள் அதைவிட அதிக இடம் இருந்ததாகச் சொல்ல முடியாது. கணவர் மில்லுக்கு ஷிப்டு போய்விட்டால் மாமியாரும் நானும் மாடும்தான்.

மாமியாருக்கு அந்த மாட்டைக் கண்டாலே இளப்பம். "ஏட்டி, ஒன் அண்ணன் மாட்டைக் குடுத்தானா, ஆட்டைக் குடுத்தானா? நாலு வயசாகப் போகுது, இன்னும் சினைக்கு ஒரு வழியக் காணோம்" என்பார். பக்கத்து வீட்டு ஜெர்சி இரண்டரை வயதில் கன்று போட்டிருந்தது. மலைமாடு பருவத்துக்கு வர நாளாகும் என்பது எனக்குத் தெரியும். மாட்டைச் சாக்காக வைத்து என் பிறந்த வீட்டைச் சொல்கிறார் என்பதும் தெரியும். கோபத்தில் ஒரு முடிவெடுத்தேன். ஜெர்சிக் காளையின் சினை ஊசி போட்டு, வாளி நிறையக் கறக்கிற ஒரு கன்றை இந்த வயிற்றிலிருந்தே எடுத்துக் காட்டுவது.

மாசியில் ஒருநாள் காலையில் மாடு பருவத்துக்கு வந்து விடாமல் கத்தியது. மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். சினை ஊசி போடுகிறவரைப் போன் செய்து வரவழைத்தேன். நிதானமான மனிதர். மாட்டைச் சுற்றிவந்து பார்த்தார்.

"எத்தனாவது ஈத்துக்கா?"

தலை ஈத்து என்றால் ஜெர்சி போடமாட்டார். சின்ன மாட்டுக்கு முதல் கன்றே பெரிதாக இருந்தால் வெளியே வராது என்று பக்கத்துத் தெருவில் மறுத்துவிட்டுப் போனவர் அவர்.

"ரெண்டு ஈத்து ஆச்சு. இது மூணாவது" என்றேன்.

அவர் கை கொம்புக்குப் போனது. ஒவ்வொரு ஈத்துக்கும் கொம்பின் அடியில் ஒரு வளையம் விழும். கன்று போடாத மாட்டுக்குக் கொம்பு வழவழவென்று இருக்கும். "வளையத்தையே காணோமே" என்றார்.

"பொங்கலுக்குச் சீவிப் பெயிண்ட் அடிச்சோம்ல."

நீலப் பெயிண்ட் இன்னும் உதிராமல் இருந்தது. அவர் தலையாட்டிக்கொண்டார். உள்ளே கை விட்டபோது, "ரொம்ப இறுக்கமா இருக்கே" என்றார். மலைமாடு அப்படித்தான் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். ஊசியைப் போட்டுவிட்டுப் போனார்.

மாட்டின் வயிறு பெருக்கப் பெருக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமியாரோ சினை என்று தெரிந்ததும் தவிட்டைக் கூட்டி வைத்தார், மாட்டைத் தடவிக்கொடுத்தார். நான் அவர் பார்க்காத நேரத்தில் மாட்டின் இடுப்பெலும்புக்கு நடுவே விரல் வைத்து அளந்துகொண்டிருந்தேன். அளந்து என்ன செய்ய? ஊசிக்காரரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் ஏதாவது வழி இருந்திருக்கலாம். வாயைத் திறந்தால் விஷயம் மாமியார் காதுக்குப் போகும், அண்ணன் வரைக்கும் ஏச்சு விழும் என்று பயந்தேன். அய்யனார் கோவில் மலைப் பக்கம் பார்த்து மாடு அசைபோடும். அதே பக்கம் பார்த்து நான் துணி காயப்போடுவேன். நாள்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

கார்த்திகையில் ஒரு காலை, எட்டு மணிக்குக் கன்றின் முன்னங்கால்கள் இரண்டும் தெரிந்தன. ஒன்பதரை வரை அதற்குமேல் எதுவும் வரவில்லை. ஊசிக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு மாட்டு டாக்டரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"எத்தனாவது ஈத்து?" என்றார் டாக்டர்.

"மூணு" என்றார் ஊசிக்காரர்.

"மூணா? யாரு சொன்னா?" என்றார் மாமியார்.

"நான்தான் சொன்னேன். இது தலை ஈத்து" என்றேன்.

ஊசிக்காரர் என்னைத் திட்டவில்லை. "கேட்டேனேக்கா" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம்.

கயிறு கட்டி இழுத்தார்கள். பதினொரு மணிக்குப் பெரிய கன்றாக வந்து விழுந்தது. மூச்சில்லை. மாடு பிழைத்துக்கொண்டது. கன்று முட்டாமல் அது பால் இறக்கவில்லை. அடுத்த வருஷம் இரண்டு தடவை பருவத்துக்கு வந்தும் சினை நிற்கவில்லை.

அதற்கு அடுத்த பொங்கலின்போது கணவர் அரத்தோடு கொட்டகைக்கு வந்தார். வத்திராயிருப்புப் பக்கம் மலைமாட்டுக் கிடை வைத்திருக்கும் ஒருவர் இன்னும் கன்று போடாத கிடாரி கேட்டு வருகிறாராம். "வளையத்தை அராவிட்டா கிடாரின்னு சொல்லிரலாம். நீ காட்டுன வழிதான" என்று சிரித்தார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் அராவி, நீலம் பூசினார். போகட்டும், அதுவாவது மலைக்குப் போகட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

வந்தவர் கொம்பைத் தடவினார். திமிலைத் தட்டினார். "கிடாரிதான தாயி?" என்று என்னிடமே கேட்டார். கணவரும் மாமியாரும் என் வாயையே பார்த்தார்கள். ஆமாம் என்றால் மாடு மலைக்குப் போகும். அங்கேயும் சினை நிற்காவிட்டால்? அடிமாட்டு லாரிதான்.

"இல்லய்யா. ஒரு ஈத்து ஆயிருச்சு, கன்னு செத்துப்போச்சு. பொறவு சினை நிக்கல."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வத்திராயிருப்பு பஸ்ஸுக்குக் கிளம்பினார். அது என் ஊருக்குப் போகிற பஸ். நான் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.