வெள்ளை அட்டைக்கு ஏற்ற பசை

என் மகன் பிறந்த பிறகு நான் வெறுங்கையோடுதான் மலையேறினேன். நாள் நிறைவதற்கு முன்பே வந்துவிட்ட பிள்ளை. அவனை மலைக்குக் கீழே ஈப்போ மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, என்னை மட்டும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். என் கணவர் மலைமேல் உள்ள கம்போங் ராஜாவிலிருந்து காய்கறி ஏற்றிப்போகும் லோரியின் ஓட்டுநர். அந்த லோரியிலேயே என்னை அழைத்து வந்தார். ஒவ்வொரு வளைவிலும் மூடுபனி வந்து முன்கண்ணாடியில் படிந்தது. வழியெல்லாம் நான் தூங்கினேனா, விழித்திருந்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் நான் கிராணி, கணக்கு எழுதுபவள். தோட்டம் கொடுத்த வீட்டில் இருந்தோம். சிமெண்டுச் சுவர், தகரக் கூரை, அதன் கீழே பலகை அடித்த உட்கூரை. விடிகாலையில் தகரத்தின் அடியில் ஈரம் கோத்துப் பலகை இடுக்கு வழியாகச் சொட்டும். பிறந்ததிலிருந்து அந்தக் குளிரிலேயே வளர்ந்தவள் நான்; அதைப் பெரிதாக நினைத்ததே இல்லை. மருத்துவமனைத் தாதி சொன்ன பிறகுதான் அந்த வீடு எனக்கு வேறு வீடாகத் தெரிந்தது.

“இவனுக்கு உடம்புல இன்னும் சதை பிடிக்கலம்மா. வீட்டுல ரூம் சூடா இருக்கணும். சொட்டுச் சொட்டா ஒழுகுற எடத்துல படுக்க வைக்காதீங்க.”

பாலைப் பீய்ச்சிப் பைகளில் அடைத்துக் கொடுப்பேன். கணவர் அதை மீன்கடைக்காரர்கள் வைத்திருக்கும் வெள்ளைப் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துப்போவார். ஒரு நாள் மாலை திரும்பி வந்து, அந்தப் பெட்டியை என் கட்டில் ஓரமாக வைத்துத் திறந்து காட்டினார்.

“பாத்தியா, காலையில போட்ட ஐஸ் இன்னும் கெடக்கு. குளிர உள்ளயே வச்சிருக்குதுன்னா, சூட்டையும் வச்சிருக்கும்தானே?”

மறுநாளே பிரிஞ்சாங் டவுனிலிருந்து பெரிய பெரிய பாலிஸ்டைரீன் அட்டைகள் வந்து இறங்கின. தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி வருமே, கிள்ளினால் உதிருமே, அதே வெள்ளைச் சாமான். அவற்றைச் சுவரிலும் உட்கூரையிலும் ஒட்டவேண்டும். ஒட்டுவதற்கு உதவியாக என் அண்ணன் வந்தான். அவன் தேயிலை ஆலையில் இயந்திரம் பழுது பார்ப்பவன். சமையல் மேசைக்குத் தகடு ஒட்டியபோது மிஞ்சிய மஞ்சள் கம் ஒரு டின் இருந்தது. அதை எடுத்து ஓர் அட்டையின் முதுகில் தாராளமாகப் பூசினான்.

அட்டை கரைந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் குழிகுழியாக உள்வாங்கி, சுருங்கி, மஞ்சளாகக் கூழானது. அறை முழுவதும் தலையைச் சுற்றவைக்கும் நாற்றம்.

“ஐயோ மச்சான், சாப்புட்டுருச்சுலா!” என்றார் கணவர்.

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நான் அழுதேன். கரைந்தது அட்டைதான் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் விலா எலும்புகள் ஏறி இறங்குவதே என் கண்முன் நின்றது. கணவர் சன்னல்களைத் திறந்துவிட்டார். வெளியே இருந்த மூடுபனி மெதுவாக அறைக்குள் வந்து நடமாடியது. அண்ணன் டின்னை மூடி வெளியே கொண்டுபோய் வைத்தான்.

“கிளம்பு. வேற பசை நீயே வந்து பாத்து எடு,” என்றார் கணவர்.

உடம்பு முழுவதும் தேறாத நிலையில், சால்வையைச் சுற்றிக்கொண்டு அவரோடு பிரிஞ்சாங் போனேன். ஹார்ட்வேர் கடைக்காரச் சீனப் பெண்மணியிடம் மலாயில் விஷயத்தைச் சொன்னேன். மஞ்சள் கம்மில் இருக்கும் திரவம் இந்த அட்டையைத் தின்றுவிடும் என்று அவரும் சொன்னார். பிறகு மூன்று வகைகளை எடுத்து முன்னால் வைத்தார். ஒன்று, டின்னை அழுத்தினால் நுரையாகப் பொங்கி வருவது. நன்றாகப் பிடிக்கும், ஆனால் காயும்வரை அதன் ஆவி உடம்புக்கு ஆகாது. இன்னொன்று, தண்ணீர் விட்டுக் குழைக்கும் சிமெண்டுப் பசை. சிமெண்டுச் சுவருக்கு நல்லது. மூன்றாவது, தண்ணீரில் செய்த வெள்ளைப் பசை. நாற்றம் இல்லை, மெதுவாகக் காயும், பளபளப்பான பெயின்ட்டின்மேல் பிடிக்காது.

“குழந்தை அறையா?” என்று கேட்டார். தலையசைத்தேன். “அப்படியென்றால் அட்டையைத் திறந்தபடி விடாதீர்கள். தீப்பட்டால் புகை கெட்டது. மேலே ஜிப்சம் பலகை வைத்து ஸ்குரு அடித்து மூடுங்கள்.”

நுரை டின்னை நான் தொடவே இல்லை. மற்ற இரண்டையும் வாங்கினோம். வீட்டில் வெட்டுத் துண்டுகளை எடுத்து, சுவரிலும் உட்கூரைப் பலகையிலும், பெயின்ட் உள்ள இடத்தில் ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்றுமாக, இரண்டு பசையாலும் ஒட்டிப் பார்த்தேன். காலையில் கண் விழித்ததும் போய் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்தேன். பெயின்ட்டின்மேல் ஒட்டியவை எல்லாம் பெயின்ட்டோடு உரிந்து வந்தன. சுரண்டி எடுத்த சிமெண்டில் சிமெண்டுப் பசை அசையவில்லை. பெயின்ட் படாத பலகையில் வெள்ளைப் பசை ஒட்டிய துண்டை இழுத்தபோது, அட்டைதான் பிய்ந்ததே தவிர பசை விடவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

அண்ணனும் கணவரும் சுவரைச் சுரண்டித் துடைத்துக் காயவைத்தார்கள். அட்டையின் ஓரம் சுற்றிலும் பசை, நடுவில் அங்கங்கே உருண்டை. சுவர் சீக்கிரம் முடிந்தது. உட்கூரைதான் பெரும்பாடு. ஒட்டிய அட்டை பிடிக்கும்வரை தாங்க வேண்டுமே! துணிக்கொடிக் கம்பு, விளக்குமாறு, பரணில் கிடந்த மூங்கில் எல்லாவற்றையும் முட்டுக்கொடுத்தோம். அந்தக் கம்புகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு பால் பீய்ச்சினேன். நாலு பக்கமும் வெள்ளை, மேலேயும் வெள்ளை, சன்னலுக்கு வெளியே மூடுபனியும் வெள்ளை. எது சுவர், எது வெளி என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மழை தகரத்தில் பெய்வது எங்கோ தூரத்து வீட்டில் பெய்வதுபோலக் கேட்டது. மகனிடம் வாய்விட்டுப் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

பிறகு ஜிப்சம் பலகை வந்து அத்தனை வெள்ளையையும் மூடியது. இளம் பச்சைச் சாயம் அடித்தோம். அதன் வாடை முழுவதும் போனபின்தான் ஈப்போவிலிருந்து அழைப்பு வந்தது.

ஒரு மதிய நேரத்தில் அவனை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த அறைக்குள் நுழைந்தேன். தொட்டிலில் கிடத்தியதும் இரண்டு முறை தும்மினான். நானும் கணவரும் அண்ணனும் தொட்டிலின்மேல் குனிந்தோம். அவன் முகத்தைச் சுளித்து, கொட்டாவி விட்டு, கைகளை விரித்துத் தூங்கிப்போனான்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் ஸ்வெட்டரைக் கழற்ற ஆரம்பித்தான்.

“என்னடா?” என்றேன் மெதுவாக.

“வேர்க்குதுலா,” என்றான். அவன் நெற்றியில் உண்மையாகவே வேர்வை இருந்தது.