துப்பாக்கி இல்லாத உளவாளிகள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் சாம்பிள் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு மதியங்களில் பழைய ஆங்கில உளவுத் தொடர் ஒன்றின் டிவிடிகளை வாடகைக்கு எடுத்துவந்து பார்ப்பேன். அதில் யாரும் ஓடமாட்டார்கள், சுடமாட்டார்கள். நனைந்த கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, டீ குடித்தபடி, பக்கத்து மேசைக்காரரிடம் முகம் மாறாமல் பொய் சொல்வார்கள்.

"என்னட்டி, ஒரு சண்டைகூட இல்ல. இவனெல்லாம் ஒரு உளவாளியா?" என்று சொல்லிவிட்டு என் கணவர் தூங்கிப்போவார். எனக்கோ அந்தச் சாதாரணம்தான் பிடித்தது, பயமாகவும் இருந்தது. எங்கள் கம்பெனியில் இருந்ததும் அப்படிப்பட்ட முகங்கள்தானே.

அந்தச் சமயத்தில்தான், நாங்கள் புதிதாக வடிவமைத்த குழந்தைச் சட்டையின் காலர், எங்களுக்கு ஆர்டர் உறுதியாகும் முன்பே பக்கத்து வீரபாண்டியில் வேறொரு கம்பெனியில் தைக்கப்படுவதாகச் செய்தி வந்தது. முதலாளி எங்களைக் கூப்பிட்டார்.

"உள்ள இருந்துதானுங்க போயிருக்குது. ஆருன்னுதான் தெரியல," என்றார் மெதுவாக.

அன்றிலிருந்து புரொடக்‌ஷன் மேனேஜரைக் கவனிக்க ஆரம்பித்தேன். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். நான் உள்ளே நுழைந்தால் பேச்சை நிறுத்துவார். தொடரில் பார்த்ததெல்லாம் கண்முன்னால் நடப்பது போலிருந்தது. ஒருநாள் டீ நேரத்தில் அவர் கேட்டார்:

"ஏனுங்க, உங்க ஊட்டுக்காரருக்கு வீரபாண்டி சாயப்பட்டறைலதானுங்களே வேலை?"

"ஆமா சார்."

"சும்மா கேட்டனுங்க."

நான் அவரைக் கவனித்த நாளெல்லாம் அவரும் என்னைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த வாரம், எங்களுக்கு வெளிநாட்டு ஆர்டர் பிடித்துத் தரும் ஏஜென்ட் வந்தார். பேச்சு மும்முரத்தில் பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசையில் போட்டார். எங்கள் காலர். கழுத்துப் பட்டியிலோ வீரபாண்டிக் கம்பெனியின் சீட்டு. நாங்களே அவர் கையில் கொடுத்தனுப்பிய முதல் சாம்பிளை, விலையை இறக்குவதற்காக அங்கேயும் காட்டித் தைக்கச் சொல்லியிருக்கிறார். ஆர்டர் கொண்டுவருகிறவரைச் சந்தேகப்பட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

சட்டென்று அதைப் பைக்குள் திணித்துக்கொண்டு, "மார்க்கெட்ல இப்ப எல்லாரும் ஒரே மாதிரிதான் பண்றாங்க," என்று சிரித்தார்.

முதலாளி இளநீர் வெட்டிக் கொடுக்கச் சொல்லி, கார்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். "அவரு இல்லீன்னா ஆர்டர் இல்லீங்க," என்றார் எங்களைப் பார்க்காமல்.

மேனேஜர் என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. அதுவரை என் பிரிவுச் சுவரில் தொங்கிய சாம்பிள் அலமாரிச் சாவி அவர் சட்டைப் பைக்குப் போனது. நான் அந்தக் கம்பெனியை விட்டு வரும்வரை அது சுவருக்குத் திரும்பவேயில்லை.